தேவதைகளுக்கு மஞ்சள் ஆகாது

மிஷன் பள்ளித் தோட்டத்தில் வனதேவதைகள் வசிக்கிறார்கள் என்று மார்கரெட் மிஸ்ஸம்மா வெள்ளிக்கிழமை சொன்னாள். சீமையில் பெரிய சண்டை ஓய்ந்த பிறகு கப்பலேறி ஆம்பூருக்கு வந்தவள். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் உபதேசியார் தேவசகாயம், கர்த்தரைத் தவிர வேறு தெய்வம் மரத்திலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை என்று முழங்கியபோது, அதே மிஸ்ஸம்மா முன்வரிசையில் தலையாட்டினாள். நடுவில் ஒரு சனிக்கிழமை இருந்ததால் யாருக்கும் சிரமமில்லை.

மூன்றாம் வகுப்பு எடுத்த அமிர்தவள்ளிக்குத்தான் சிரமம். போன ஆடியில் வாந்திபேதி அவள் மகள் சலோமியைக் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியவை பச்சைக் கண்ணாடி வளையல்கள். வைக்க இடம் தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டு திரிந்தாள். கல்லறையில் வைக்கட்டுமா என்று கேட்டதற்கு, அது அஞ்ஞானம் என்றார் உபதேசியார். அழுகையையும் அளவாக வைத்துக்கொள்ளச் சொன்னார். பரலோகத்தில் இருக்கும் பிள்ளைக்கு இங்கிருந்து கண்ணீர் ஈரம் போகக் கூடாதாம்.

திங்கட்கிழமை மிஸ்ஸம்மா பிள்ளைகளைப் புங்கமரத்தடிக்குக் கூட்டிப்போனாள். "தேவதைகளுக்குச் சிறு வீடுகள் கட்டுங்கள். அவர்களுக்குப் பிரியமானதை வையுங்கள்," என்று முன்ஷியிடம் கற்ற தமிழில் கட்டளையிட்டாள். வேலூரிலிருந்து பெரிய துரைசானி பள்ளியைப் பார்க்க வரப்போகிறாள்.

ஜஹீருன்னிசா, அப்பாவின் தோல் கிடங்கிலிருந்து ஒரு துண்டுத் தோல் கொண்டுவந்து மெத்தை விரித்தாள். மணி அடிப்பதற்குள் தெருநாய் அதைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"பரி வந்து எடுத்துனு போய்டுச்சு மிஸ்ஸம்மா," என்றாள் அவள், கண்கொட்டாமல். பரி என்றால் அவள் வீட்டுப் பேச்சில் தேவதை.

பூவம்மாள் ஏழு கல்லை வரிசையாக நட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"கூரை எங்கே?" என்றாள் மிஸ்ஸம்மா.

"போடக் கூடாது. கன்னிமாரு வெட்டவெளியிலதான் இருப்பாங்க. மேல மூடினா கோச்சிக்குனு ஏரிக்குப் போய்டுவாங்க."

"மழை பெய்தால்?"

"மழை குடுக்கறதே அவங்கதானே!"

மிஸ்ஸம்மா உருகிப்போனாள்.

மறுநாள் விடியலில், தோல் பதனிடும் ஆவாரம்பட்டையை இடிக்கக் கிடங்குக்குப் போகும் பெண்கள் வேலியில் எட்டிப் பார்த்தார்கள். ஏழு கல், கூரையில்லை, பக்கத்தில் கிணறு. வேறென்ன வேண்டும்? மஞ்சள் பூசிக் குங்குமமும் வைத்துவிட்டார்கள்.

தண்ணீருக்கு வந்த அமிர்தவள்ளியை அவர்களில் ஒருத்தியான எல்லம்மா மடக்கினாள். "கல்யாணம் ஆகாம போன பொண்ணு கன்னிமாரோடதான் சேரும், டீச்சரம்மா. கடைசிக் கல்லு உம் பொண்ணுன்னு வெச்சுக்கோ. ஒண்ணும் வெக்கலியா?"

"நாங்க வேதக்காரங்க, எல்லம்மா."

"இருந்துட்டுப் போ. இன்னா வேதமா இருந்தா இன்னா, எந்தப் பொண்ணு வளையல் வாணாம்னு சொல்லும்?"

அமிர்தவள்ளி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பிரியமானதை வைக்கச் சொன்னது மிஸ்ஸம்மாதானே. மேலிடத்துக் கட்டளையை அவள் என்றைக்குத் தட்டினாள்?

மத்தியானம் உபதேசியார் வந்தார். "மிஷன் காம்பவுண்டுல பிசாசு!" என்று அலறினார்.

"தேவதைகள்," என்று திருத்தினாள் மிஸ்ஸம்மா.

"மஞ்சள் பூசியிருக்கே, அம்மா!"

மிஸ்ஸம்மா குனிந்து பார்த்து, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு பின்வாங்கினாள். சீமைத் தேவதைகள் மஞ்சள் பூசுவதில்லை.

"எல்லாத்தையும் வாரித் தோல் கிடங்குச் சுண்ணாம்புக் குழியில போடுங்க. இந்த வளையல் யாருது? உன்னுதா?" உபதேசியார் பூவம்மாளை முறைத்தார். அவளுக்கு உதடு கோணியது.

"என்னுது ஐயா. சலோமியோடது," என்றாள் அமிர்தவள்ளி.

"புத்தி கெட்டுப்போச்சா, அமிர்தம்? எடு அதை!"

"குடுத்ததைத் திருப்பி எடுக்க மாட்டேன். குழியிலயே போடுங்க. துரைசானி வந்து தேவதை எங்கேன்னு கேட்டா, தோலைக் கவ்விக்குனு போன அந்த நாயைப் புடிச்சுக் காட்டலாம்."

மிஸ்ஸம்மாவுக்கு அது உறைத்தது. சற்று யோசித்து, "இவற்றுக்குச் சிறகுகள் இருந்தால்?" என்றாள்.

உபதேசியாரும் யோசித்தார். சிறகு வேதத்திலேயே இருக்கிறது. "சிறகு இருந்தா தப்பில்லை," என்றார். மஞ்சளைக் கழுவிக் காகிதச் சிறகு ஒட்டிவிட்டால் அஞ்ஞானம் சித்திரவேலை ஆகிவிடும் என்று இரு பெரியவர்களும் உடன்பட்டார்கள். வளையல் பார்க்க அழகாக இருந்ததால் அதற்கும் மன்னிப்புக் கிடைத்தது.

கழுவுவதும் ஒட்டுவதும் டீச்சர் வேலை. அமிர்தவள்ளி ஒவ்வொரு கல்லாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். கடைசிக் கல்லுக்கு மட்டும் வெந்நீர் கொண்டுவந்தாள். பிறகு கஞ்சிப்பசை தடவிச் சிறகை ஒட்டி, காய்கிற வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.