மாறிப்போன போல்ட்

தோட்டாவின் பித்தளைக் கூடு போல்ட்டின் முகத்துக்குள் இறங்கவில்லை. பெனிற்றா அதைத் திருப்பி மறுபடியும் வைத்து அழுத்திப் பார்த்தாள். அப்போதும் அது விளிம்பிலேயே முட்டிக்கொண்டு நின்றது.

லண்டன் ஹவுன்ஸ்லோவில் விமானங்கள் கூரையை உரசுவதுபோல் தாழ இறங்கும் ஒரு தொழிற்பேட்டையில் அவர்களுடைய வேர்க்ஷொப் இருந்தது. கேட்டு வருபவர்களுக்கு அவரவர் அளவுக்கு ரைபிள் கட்டிக் கொடுப்பதுதான் தொழில். லைசென்ஸ் கணவர் கஸ்பரின் பெயரில். லேத்தில் கடையும் வேலையும் அளவு பார்ப்பதும் பெனிற்றாவுடையது. கறுப்புப் பூச்சுக்குக் கொடுத்த, குழலின் பின்வாயைப் பூட்டும் இரண்டு போல்ட்டுகள் முதல்நாள் ஒரே பெட்டியில் திரும்பி வந்திருந்தன. ஒன்று மான் வேட்டைக்காரர் ஒருவரின் பெரிய ரைபிளுக்கு. மற்றது சஞ்சயன் என்ற வாடிக்கையாளரின் சின்ன ரைபிளுக்கு.

போல்ட்டின் முகம் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி. தோட்டாவின் அடிப்பக்கம் அதற்குள் இறங்கி உட்கார்ந்தால்தான் பக்கத்திலுள்ள கொக்கி அதன் விளிம்பைப் பிடிக்கும். தோட்டாவின் அளவு மாறினால் கிண்ணத்தின் அளவும் மாறவேண்டும். பெரிய ரைபிளின் கிண்ணத்தை அவளே கடைந்து அகலமாக்கியிருந்தாள். அந்த ரைபிளின் தோட்டா அதற்குள் போகாமல் இருக்க நியாயமே இல்லை.

அவள் சஞ்சயனின் ரைபிளுக்குரிய சின்னக் கூடு ஒன்றை எடுத்து வைத்தாள். சுகமாக உள்ளே இறங்கியது. கொக்கியும் கடித்துக்கொண்டது.

பெனிற்றா போல்ட்டைத் திருப்பி, அடியில் பொறித்திருந்த இலக்கத்தைப் பார்த்தாள். சஞ்சயனுடையதுதான்.

"இஞ்சேருங்கோ, நேற்றுச் சஞ்சயனுக்கு எந்தப் போல்ட்டைப் போட்டுக் குடுத்தனீங்கள்?"

கஸ்பர் தேநீர்க் கோப்பையோடு வந்தார். "பெட்டியில மேல இருந்ததை. ஏன்?"

"இலக்கம் பாத்தனீங்களா?"

அவர் வெறும் பெட்டியை எட்டிப் பார்த்தார். நேற்று மாலை அவள் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். கிங்ஸ்பரியில் பல் மருத்துவராக இருக்கும் சஞ்சயன் வேலை முடிந்து அவசரமாக வந்து, காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு நின்றான். இரண்டு ரைபிளின் உடலும் ஒரே கம்பனியில் வாங்கியவை என்பதால் எந்தப் போல்ட்டும் எதற்குள்ளும் போகும், பூட்டவும் செய்யும். கஸ்பர் பூட்டிப் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டார்.

"இண்டைக்குத்தானே அவன் முதல் முதல் சுடப்போறன் எண்டவன்?"

"ஓம்," என்றார் கஸ்பர். கோப்பையை லேத்தின் மேல் வைத்தார். அங்கே எதையும் வைக்கக்கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இப்போது அது அவள் கண்ணில் படவேயில்லை.

அகலமான கிண்ணத்தில் சின்னத் தோட்டா ஆடிக்கொண்டிருக்கும், கொக்கிக்கும் எட்டாது. அதைவிட மோசமானது தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் நடுவே விழும் இடைவெளி. ஒவ்வொரு குழலையும் அதனதன் போல்ட்டை வைத்து அளந்துதான் அவள் இறுக்கியிருந்தாள். போல்ட் மாறினால் அந்த அளவும் போச்சு. இடைவெளி கூடிவிட்டால் வெடிக்கும்போது பித்தளை பின்னால் இழுபட்டுக் கிழியும். கொதிக்கும் புகை முழுவதும் சுடுகிறவனின் முகத்துக்கே வரும்.

சஞ்சயனின் கைத்தொலைபேசிக்கு அடித்தாள். அது அணைந்திருந்தது. சுட்டுப் பழகும் ரேஞ்சில், சுடும் வரிசையில் படுத்திருப்பவன் போனை வைத்திருக்கமாட்டான்.

"திருப்பி அடியும், எடுப்பான்," என்றார் கஸ்பர்.

"அவன் எடுக்கிற வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. நான் ரேஞ்சுக்கு அடிக்கப்போறன்."

அவர் கை வந்து போனின் மேல் அமர்ந்தது. "பொறும். ரேஞ்சுக்குச் சொன்னா அது பொலிசுக்குப் போகும். லைசென்ஸ் போகும், பெனிற்றா. நான் இப்பவே காரை எடுக்கிறன். போய் அவனிட்டை மெதுவாச் சொல்லி வாங்கிக்கொண்டு வாறன்."

"நீங்கள் போய்ச் சேரமுந்தி அவன் சுட்டால்?"

"ஒண்டும் நடக்காமலும் போகலாம்."

"அவனுக்குக் கண் ரெண்டும் வேணும்," என்றாள். "கையை எடுங்கோ."

அவர் எடுக்கவில்லை. அவள் அவருடைய விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக விலக்கினாள். இருபது வருடக் கல்யாணத்தில் அப்படி அவள் செய்ததில்லை. அவர் முகம் வெளிறிப் பின்வாங்கி நின்றார்.

ரேஞ்ச் லண்டனுக்கு வெளியே, சறே மாவட்டப் பக்கம். மணி அடித்துக்கொண்டேயிருந்து நின்றுபோனது. மறுபடி அடித்தாள். தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. அந்த இரைச்சலில் யாராவது எடுத்துப் பேசினாலும் கேட்காமல் போய்விடுமோ என்று மற்றக் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு பெண் எடுத்தாள். பெனிற்றா தன் பெயரையும் வேர்க்ஷொப்பின் பெயரையும் சொன்னாள். சஞ்சயன் என்பவரின் ரைபிளில் பிழையான போல்ட் இருக்கிறது, பிழை எங்களுடையது, உடனே நிறுத்துங்கள் என்றாள். அந்தப் பெண் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. போனை மேசையில் போட்ட சத்தம் கேட்டது. பிறகு ஓடும் காலடி. தூரத்தில் ஒலிபெருக்கியில் நிறுத்தச் சொல்லும் குரல். அதற்கு முன்னோ பின்னோ, ஒரு வெடி.

பெனிற்றா கண்ணை மூடிக்கொண்டாள். "மாதாவே," என்றது அவள் வாய், சத்தமில்லாமல். கஸ்பர் அவளுக்குப் பக்கத்தில் வந்து, போனில் தன் காதையும் வைத்தார். அவர் மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது.

நெடுநேரம் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தாள். கேட்ட வெடி பக்கத்தில் சுட்டவருடைய ரைபிளிலிருந்து வந்தது. சஞ்சயனுக்கு ஒன்றுமில்லை.

கஸ்பர் கார்ச் சாவியைத் தேடி எடுத்தார்.

இருவரும் வேர்க்ஷொப்பைப் பூட்டிவிட்டுக் காரில் போனார்கள். ரேஞ்சில் சஞ்சயன் ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தான். முன்னால் மேசையில் ரைபிள் திறந்து கிடந்தது.

"நான் ட்ரிக்கரை இழுத்தனான், அக்கா," என்றான். "வெறும் டிக் எண்டு ஒரு சத்தம்தான். வெடிக்கேல்லை. ரூல்ஸ்படி கொஞ்ச நேரம் அப்பிடியே பிடிச்சுக்கொண்டிருந்திட்டு, ஊசியைத் திருப்பி ஏத்திச் சுடுவம் எண்டு போல்ட்டில கை வைச்சன். அப்பத்தான் நிப்பாட்டச் சொன்னவை."

தோட்டாவைக் கொக்கி பிடிக்காததால் போல்ட்டை இழுத்தும் அது வெளியே வரவில்லை. குழலின் முன்பக்கத்தால் கம்பி விட்டுத்தான் தள்ளி எடுத்திருந்தார்கள். இடைவெளி கூடியதால், அதன் அடியில் சுடும் ஊசி பட்ட அடையாளம் மேலோட்டமாகவே இருந்தது. இன்னொரு தடவை அடித்திருந்தால் போதும்.

ரேஞ்ச் பொறுப்பாளர், உயரமான வெள்ளைக்காரர், இந்தப் போல்ட்டைப் பூட்டியது யார் என்று கேட்டார். பெனிற்றா வாயைத் திறந்தாள். அதற்குள் கஸ்பர் முன்னால் வந்தார்.

"நான்தான்," என்றார் ஆங்கிலத்தில். "இலக்கம் பார்க்கவில்லை. லைசென்ஸும் என்னுடையதுதான். நீங்கள் பொலிசுக்கு அறிவிக்கவேண்டும்."

சஞ்சயன் அவரை நிமிர்ந்து பார்த்தான். "கஸ்பர் அண்ணை, நான் உங்களை நம்பித்தான் கன்னத்தை அதில வைச்சனான்." கோபமாகக்கூட அவன் சொல்லவில்லை. அந்த ரைபிள் தனக்கு இனி வேண்டாம் என்றான். கஸ்பர் தலையாட்டினார்.

பொலிஸ் வந்து வேர்க்ஷொப்பை மூடிவைத்தது. விசாரணை குளிர்காலம் முழுவதும் இழுபட்டது. கஸ்பர் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் ஷிப்டுக்குப் போனார். கடைசியில், எந்த ரைபிளையும் இருவர் தனித்தனியாகச் சோதித்த பிறகே வெளியே கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு லைசென்ஸ் திரும்பி வந்தது. சஞ்சயன் வரவேயில்லை. அவனோடு சுடும் இரண்டு மூன்று பேரும் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள்.

வேர்க்ஷொப்பை மறுபடி திறந்த அன்று, பெனிற்றா லேத்தின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கஸ்பர் சொன்னார்:

"நீர் அண்டைக்கு என்ரை கையை விலக்காட்டி..."

"அதை விடுங்கோ. நீங்கள்தானே பிறகு முன்னுக்கு வந்து சொன்னனீங்கள்."

"சொன்னனான். ஆனா முதல்ல தடுத்ததும் நான்தானே." அவர் துணியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். "அதை நினைச்சா இப்பவும் நித்திரை வாறேல்லை."

பெனிற்றா அவர் துடைத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.