மரச்சீனி இலைச் சட்டை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் சொந்தக் கோபம்கூட இல்லை, இரவல். 2003-இல் திருவனந்தபுரத்தில் பழைய ஆடைகளின் கண்காட்சி ஒன்று நடந்தது. நான் கலை பார்க்கப் போகவில்லை, மழைக்கு ஒதுங்கினேன். உள்ளே கண்ணாடிப் பெட்டியின் முன் நின்று ஓர் அம்மாள் யாரையோ வைது தீர்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் எழுபதுகளின் சட்டை, நாய்க்காது காலர், மஞ்சள் துணி முழுக்கப் பச்சை இலை அச்சு. நெஞ்சருகே வளைத்து நெளித்து ஒரு கையெழுத்து: வேலாயுதன்.

பின்னால் சண்டை வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த இலையை வரைந்தது வேலாயுதன் இல்லை. வைதுகொண்டிருந்த ஜெயபாய்தான் வரைந்தாள். கதை எழுதுகிறவன் சொல்கிறேன், ஞாபகம் இருக்கட்டும்.

2

முதல் தொடக்கம்: "தம்பானூரில் மாலை மயங்கியது. ஜெயபாயின் விழியோரம் ஒரு துளி..."

தூ. அவள் அழவே இல்லை. அழுகிற பெண் என்றால் கதைக்காரனுக்குச் சௌகரியம், அவளுக்கு என்ன வந்தது?

இரண்டாம் தொடக்கம்: மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஜெயபாய், வேலாயுதனின் துணி அச்சுப் பட்டறையில் படம் வரைந்தாள். வீட்டுக்குப் பின்னால் நின்ற மரச்சீனிச் செடியை, அதாவது மரவள்ளியைப் பார்த்து ஒருநாள் அதன் இலையை வரைந்தாள், விரித்த விரல்களைப் போல. கோவளத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதைக் கஞ்சா இலை என்று எண்ணி அடித்துப்பிடித்து வாங்கினார்கள். வேலாயுதன் அவர்களைத் திருத்தவில்லை. விற்கிறவன் எதற்குத் திருத்துவான்? துணியின் நடுவில் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டார். ஜெயபாய்க்கு விட்டுவைத்தது கரையோரம், துணி முடிகிற விளிம்பு. அங்கே அவள் சின்னதாகத் தன் பெயரை எழுதினாள்.

இதுவே இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

3

சட்டைக்குக் கீழே அட்டை வைத்திருந்தார்கள்: 'கஞ்சா இலை. வடிவமைப்பு, கலகக் கலைஞர் வேலாயுதன்.' அன்று சாயங்காலம் அவருக்குப் பொன்னாடை வேறு.

"கஞ்சாவா?" என்றாள் ஜெயபாய். "மரச்சீனிக் கெழங்கு தின்னு வளந்தவனுக்கு அதுக்க எலையத் தெரியாதா?"

கண்காட்சியை நடத்திய ஜானவி ஓடி வந்தாள். திருவனந்தபுரம் வலியசாலைத் தமிழ்ப் பெண். (இவளை வில்லியாக்க ரொம்ப முயன்றேன், மசியவில்லை.) நாற்காலி போட்டாள், சாயா வரவழைத்தாள், குறுக்கே பேசாமல் கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டுத்தான் அதைச் சொன்னாள்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா ஏதாவது தெளிவு வேணுமே, சேச்சி."

தெளிவு என்றால் அந்த ஊரில் ஆதாரம். ஜெயபாயிடம் அதுவும் இருந்தது. பட்டறைச் சட்டைகளையெல்லாம் தைத்தது அவள் புருஷன் தாசையன். துணியின் கரையோரம் எப்போதும் பக்கத் தையலுக்குள்தான் போகும். பிரித்துப் பார்த்தால் அவள் பெயர் உள்ளே மடிந்து கிடக்கும்.

பழஞ்சட்டையைப் பிரித்தால் அதன் மதிப்பே போய்விடுமே என்று ஜானவி தயங்கினாள். சட்டைக்குச் சொந்தக்காரருக்குப் போன் போட்டாள். அந்த மனுஷர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். பெயர் இருந்தால் அட்டையை மாற்றலாம். இல்லாவிட்டால் ஜெயபாய் மேடையேறி வேலாயுதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கேட்கிறேன், பிளேடைக் கொண்டாங்க என்றாள் அவள்.

4

தாசையன் பக்கத்து நாற்காலியில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். என் முதல் பிரதியில் அவரைக் குடிகாரராக்கி வைத்திருந்தேன். அது புளித்துப்போன வேலை, அடித்துவிட்டேன். அவர் நல்ல தையல்காரர். கோளாறே அங்கேதான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் சொன்னார், துவைத்தால் கரை சுருங்கி இழுக்கும், அதனால் சில துணிகளில் கரையை வெட்டிப் போட்டுவிட்டுத் தைப்பது வழக்கம் என்று.

எப்போதும் அவரை 'நீங்க' என்பவள், அன்று 'நீரு'க்கு இறங்கிவிட்டாள்.

"இதில வெட்டினீரா?"

"ஓர்மை இல்ல." ஞாபகம் இல்லையாம்.

"எனக்க பேரு அதில கெடக்குன்னு உமக்குத் தெரியும்."

"தெரியும். சுருங்கினா ஆளுவ எங்கிட்டல்லா சண்டைக்கு வருவானுவ."

(குறுக்கே ஒரு வார்த்தை: கரை சுருங்கும் என்பது உண்மை. தொழில் சுத்தம். அந்தச் சுத்தத்தைக் கொண்டுபோய் அடுப்பில் போடுங்கள்.)

வேலாயுதன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் ஒன்றுமே இல்லை என்பதுபோல அவள் தாசையனைப் பார்த்தாள். அவர் சாயாவைப் பார்த்தார்.

5

முடிவு ஒன்று: தையல் பிரிகிறது. பெயர் இருக்கிறது. நீங்கள் 'அப்பாடா' என்று புத்தகத்தை மூடிவிட்டுச் சோற்றுக்குப் போகலாம்.

முடிவு இரண்டு: கத்தரித்த விளிம்பு மட்டும். ஜெயபாய் மேடை ஏறுகிறாள். உங்களில் பாதிப்பேர் 'பாவம்' என்பீர்கள். மீதிப்பேர் உள்ளுக்குள், ஒருவேளை இவள்தான் பொய் சொல்கிறாளோ என்று...

இதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தால், பிளேடும் கையுமாக ஜெயபாய் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நீரு எழுதுத இதில, மேல ஆருக்க பேரு வரும்?"

"என் பேர்தான்."

"பின்ன எனக்க பேரு?"

"உள்ளே வரும்."

"உள்ளேன்னா? பக்கத் தையலிலயா?"

 

6

அவள் பிளேடைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் வைத்துவிட்டாள். பயந்து அல்ல. வரைந்தது அவள் கை, அது அந்தக் கைக்குத் தெரியும். தாசையனுக்குத் தெரியும், வேலாயுதனுக்கும் நன்றாகத் தெரியும். தெரியாதது உங்களுக்குத்தான்.

ஆனால் உங்களுக்கும் சொன்னேனே. முதல் பகுதியிலேயே, அடித்துத் திருத்தாமல், வரைந்தது ஜெயபாய் என்று சொன்னேன். தையல்காரர் ஓர்மை இல்லை என்றதும் உங்களுக்கு ஏன் ஆட்டம் கண்டது? நெஞ்சில் கையெழுத்துப் போட்டவனிடம் இதுவரை யாராவது தெளிவு கேட்டீர்களா?

சாயங்காலம் ஆகிவிட்டது. பொன்னாடையோடு ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நான் பிரிக்கப்போவதில்லை. உங்களுக்கு இன்னும் பார்த்தே ஆக வேண்டுமானால் பிளேடு பெட்டியின் மேல் இருக்கிறது, எடுத்துப் பிரியுங்கள். அவள் போகவில்லை. பக்கத்தில் நின்று உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.