பூட்டை மட்டும் எடுங்க

மூன்று மணி பஸ் எஸ்டேட் வளைவில் நின்றபோது மருதாம்பாள் டீச்சரைத் தவிர வேறு யாரும் இறங்கவில்லை. "திரும்பற வண்டி அஞ்சு மணிக்குத்தானுங்க டீச்சர். அதை விட்டீங்கன்னா கோத்தகிரிக்கு நடைதான்" என்று கண்டக்டர் படியில் நின்றபடியே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். வலது முழங்காலில் மாட்டியிருந்த பட்டை நழுவிப் பாதி காலுக்கு வந்திருந்தது. நடுரோட்டில் நின்று அதை இழுத்துவிடக் கூச்சமாக இருந்தது. இழுக்காமல் மேடு ஏறவும் முடியாது. ஒரு சில்வர் ஓக் மரத்தைப் பிடித்துக்கொண்டு, புடவையோடு சேர்த்து ஒரு இழுப்பு இழுத்தாள். கைப்பையில் வெற்றிச்செல்வனின் தாவரவியல் ரெக்கார்டு நோட்டு இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு, பி பிரிவு. நாளை மறுநாள் செய்முறைத் தேர்வு. அவன் பள்ளிக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. செய்முறைக்கு வராவிட்டால் இந்த வருஷமே போன மாதிரிதான். வகுப்பு டீச்சர் என்ற முறையில் மூன்று தடவை போன் செய்தாள். மூன்று தடவையும் மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

எல்லாம் ஒரு பயிற்சியில்தான் ஆரம்பித்தது. தலைமையாசிரியர் தரணிதரன் ஊட்டிக்கு ஒருநாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். திருநர் பிள்ளைகள், தன் பாலினத்தவர் மேலேயே ஈர்ப்புள்ள பிள்ளைகள், இவர்களெல்லாம் கேலிக்கும் அடிக்கும் பயப்படாமல் படிக்கப் பள்ளிக்கூடம் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்களாம். வந்தவர் மருதாம்பாளை அறைக்குக் கூப்பிட்டார். "ஏனுங்க டீச்சர், நம்ம ஸ்கூல்ல அப்படி யாராச்சும் இருக்காங்களா? இத்தனை வருசம் நாம கவனிக்கவே இல்லையேன்னு மனசு ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க." அவர் குரலில் நடிப்பு இல்லை. அவள் வெற்றியின் பெயரைச் சொன்னாள். சொல்லும்போது ஒரு நல்ல காரியம் செய்கிற நிம்மதிகூட இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ப்ரேயரில், உறுதிமொழி முடிந்ததும் அவர் மைக்கைப் பிடித்தார். எல்லாப் பிள்ளைகளும் சமம் என்றார். யாரையும் நம்பர் சொல்லிக் கேலி செய்யக்கூடாது என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "குறிப்பா நம்ம பன்னெண்டு பி வெற்றிச்செல்வனை யாராச்சும் அப்படிக் கூப்பிட்டதாத் தெரிஞ்சா டி.சி. குடுத்துருவேன். அவன் எப்படி இருந்தாலும் அவன் நம்ம பையன்." எழுநூறு தலைகள் ஒரே நேரத்தில் பன்னெண்டு பி வரிசைப் பக்கம் திரும்பின. சிரிப்பு ஆறாம் வகுப்பு வரிசை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தது. அன்று மத்தியானமே விழிப்புணர்வு செய்தாயிற்று என்று போட்டோவோடு அறிக்கை போய்விட்டது. வெற்றி மத்தியானம் வகுப்பில் இல்லை.

மேட்டில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். பனி அடித்துக் கருகிய செடிகளுக்கு நடுவே பச்சை எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் ஆட்கள் இருந்தார்கள். இடுப்பில் பிளாஸ்டிக் படங்கு கட்டி, தலையில் சாக்கை மடித்துக் கொங்காணி போட்டு, எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். மேஸ்திரி சுடலைதான் முதலில் பார்த்தார்.

"பாலாமணி, உன்னத் தேடி டீச்சரம்மா வந்திருக்காங்க. எலை எடுக்கக் கத்துக்க வந்திருப்பாங்களோ என்னமோ, ஒரு படங்கு குடு!"

யாரோ சிரித்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி, வெற்றியின் அம்மா, செடிகளை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். கைகள் சாறு ஏறிக் கறுத்திருந்தன. உட்கார அங்கே இடமில்லை. தானே ஒரு கல்லைக் காலால் திருப்பிவிட்டு, "கால் முடியாதவங்க மாதிரி இருக்கு, குந்துங்க டீச்சர்" என்றாள்.

மருதாம்பாள் பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ வாக்கியங்களைக் கோத்து வைத்திருந்தாள். "பையன் எங்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"மேல கத்திரி போட்டு எலை வெட்டறான். பதினெட்டு ஆயிருச்சில்ல, டெம்பரவரியாப் பேர் போட்டுட்டாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஊட்டுல இருந்தா அவங்கப்பா மூஞ்சியப் பாக்கணும்ல, அதுக்கு இது தேவலைங்கறான்."

"அப்பா அடிச்சாருங்களா?"

"அடிச்சிருந்தா ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும். பேசறதே இல்ல. சோத்தப் போட்டா எடுத்துட்டு வெளிய போயிடறாரு. எஸ்டேட் லைன் வீட்டுல அத்தன பேருக்கும் தெரிஞ்சு போச்சு டீச்சர். உங்க ஸ்கூல்ல படிக்கிற புள்ளைக இந்த லைன்லயே ஒம்பது பேரு. சாயங்காலம் பஸ்ஸோடவே சேதியும் வந்துருச்சு."

"உங்களுக்கு அதுக்கு முன்னாடி..."

பாலாமணி படங்கில் ஒட்டியிருந்த ஒரு இலையை எடுத்து வாயில் போட்டு மென்றாள். "தெரியும். தெரியாதுன்னும் இருந்தேன். ரெண்டும் அது அது பாட்டுக்கு ஒரே ஊட்டுலதான் இருந்துச்சு. மைக்குல சொன்னப்புறம் தெரியாதுன்னு இருக்க முடியாமப் போச்சு. அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் வெறும் அலுப்போடு சொன்னாள், சாயந்திரமானால் இடுப்பு வலிக்கும் என்று சொல்கிற மாதிரி. மருதாம்பாளுக்குப் பணியில் இன்னும் ஒரு வருஷமும் நாலு மாதமும் இருந்தது. முப்பது வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளின் வீட்டுக்குப் போயிருக்கிறாள். கல்யாணத்தை நிறுத்தப் போயிருக்கிறாள், குடித்துவிட்டு நோட்டைக் கிழித்த அப்பன்களிடம் சண்டை போடப் போயிருக்கிறாள். அப்போதெல்லாம் தப்பு எதிராளி பக்கம் இருந்தது. தப்பை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடு ஏறியது இதுதான் முதல் தடவை.

"ஹெச்.எம்.கிட்டப் பேரைச் சொன்னது நாந்தானுங்க" என்றாள்.

பாலாமணி அவளைப் பார்த்தாள். அப்புறம் வரிசைப் பக்கம் திரும்பி, கையை வாயில் குவித்து, "வெற்றீ!" என்று கூப்பிட்டாள்.

அவன் இறங்கி வந்தான். இரண்டு வாரத்தில் கறுத்திருந்தான். இந்தப் பையன்தான் அக்டோபரில் ஒரு நாள், மற்றவர்கள் போன பிறகு, தண்டின் குறுக்குவெட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தபடி, கண்ணை எடுக்காமலே கேட்டான்: "மிஸ், எனக்குப் பசங்களைத்தான் பிடிக்குது. பொண்ணுங்க மேல அப்படி ஒண்ணும் வர்றதில்ல. இது மாறுமா மிஸ்?" அவள், "மாறாட்டி என்ன கண்ணு, செக்‌ஷனை இன்னும் மெல்லிசா வெட்டு" என்று சொன்னாள். அப்படிச் சொன்னதில் அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமை. மூன்று மாதம் அந்தப் பெருமையை வைத்திருந்தாள்.

ரெக்கார்டு நோட்டை நீட்டினாள். "எக்ஸ்டர்னலுக்கு முன்னாடி கையெழுத்து எல்லாம் வாங்கி வெச்சுட்டேன் கண்ணு. ஒரு படம் மட்டும் லேபிள் பண்ணாம விட்டிருக்கே."

அவன் கையைப் படங்கில் துடைத்தான். நோட்டை வாங்கவில்லை.

"தப்பு என்னோடதுடா. நான் சொல்லாம இருந்திருந்தா..."

"தெரியும் மிஸ். உங்ககிட்ட மட்டுந்தான் சொல்லியிருந்தேன்."

மேலே யாரோ இருமினார்கள். மேஸ்திரி யாரையோ, "அடியே லிஜி, கொழுந்து எடுன்னா மரத்தையே எடுக்கறியே" என்று திட்டினார். மலையாளத்தில் ஒரு பதில் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். இந்த மூன்று பேரும் நின்ற இடத்துக்கு அந்தச் சிரிப்பு வந்து சேரவில்லை.

"பரீட்சைக்கு மட்டும் வா. யாரும் ஒரு வார்த்தை சொல்லாம நான் பாத்துக்கறேன். நான் கூடவே இருக்கேன்."

"கூடவே இருந்து என்ன பண்ணுவீங்க டீச்சர்?" என்றாள் பாலாமணி. "பாத்ரூமுக்குள்ள வருவீங்களா?"

மருதாம்பாளுக்குப் புரியவில்லை.

"ஒம்பதாவதுல இருந்தே இவன் உங்க ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போனதில்ல. ஒரு தடவ உள்ள வெச்சுக் கதவச் சாத்தி, டவுசர அவுத்துப் பாத்து எந்த இனம்னு கேட்டிருக்கானுக. அதுல இருந்து காலைல ஏழு மணிக்குக் கெளம்புனா சாயங்காலம் ஊட்டுக்கு வந்துதான். தண்ணி குடிக்க மாட்டான். ரெண்டு தடவ எரிச்சல் வந்து பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். தண்ணி நல்லாக் குடிக்கச் சொல்லுங்கம்மான்னு டாக்டர் திட்டுனாரு. நானும் வந்து இவனத் திட்டுனேன்."

"அம்மா, விடு" என்றான் வெற்றி.

"ஏன் விடணும்? சமம், நம்ம பையன்னு என்னென்னமோ மைக்குல பேசுனாங்கல்ல? எனக்கு அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம் டீச்சர். ஒண்ணுக்குப் போக ஒரு எடம் குடுங்க. இங்க காட்டுல பொம்பளைக நாங்க கஷ்டப்படறோம்னா இது காடு. அது ஸ்கூலு."

இரண்டு வருஷமாக இவன் அவள் வகுப்பில் இருக்கிறான். அவள் இவன் நோட்டைப் பார்த்திருக்கிறாள், மார்க்கைப் பார்த்திருக்கிறாள், கையெழுத்து சாய்வதைக்கூடப் பார்த்திருக்கிறாள். ஒரு பிள்ளை எட்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவில்லை. பிள்ளை தன்னிடம் மனதைத் திறந்துவிட்டான் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஹெச்.எம்.மிடம் பேச அவள் போனை எடுத்தாள். அந்த மேட்டில் சிக்னல் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும் என்று வெற்றியே சொன்னான். மூவரும் அங்கே போனார்கள். தரணிதரன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"பையன் வர்றானுங்களா டீச்சர்?"

அவள் சொன்னாள். "அடப் பாவமே" என்றார். "சரி விடுங்க, இதுக்கு ஒரு வழி இருக்குங்க. ஸ்டாஃப் பாத்ரூமை அவன் உபயோகப்படுத்திக்கட்டும். சாவி நம்ம கிளார்க் நல்லசாமிகிட்ட இருக்கு. நோட்டுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கட்டும். நான் சொல்லி வெச்சுடறேன்."

போனை அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். வெற்றியின் முகத்தைப் பார்த்தாள். ஆபீஸ் வாசலில் எப்போதும் பத்துப் பேர் நிற்பார்கள். நல்லசாமி எதையும் மெதுவாகக் கேட்கிற ஆள் இல்லை. 'எதுக்குடா சாவி?' என்று அவர் கேட்பது மைதானத்தின் கடைசிக்குக் கேட்கும்.

"சாவி வேண்டாங்க சார். பூட்டை எடுத்துருங்க."

"பூட்டை எடுத்தா எல்லாப் பயலும் போவானுங்களே!"

"போகட்டுங்க. எல்லாரும் போனாத்தானுங்க இவனும் போக முடியும். உள்ள தாழ்ப்பாள் இருக்கு, ஒருத்தர் போனா ஒருத்தர் வெளிய நிக்கட்டும்."

"ஸ்டாஃப் சும்மா இருப்பாங்களா? பிரீத்தி டீச்சர் ஒரு ஈ போனாலே மனு எழுதறவங்க."

"நான் பேசிக்கறேன் சார்."

"சரிங்க" என்றார். "நாளைக்கு ப்ரேயர்ல ஒரு வார்த்தை சொல்லிடறேன், ஸ்டாஃப் பாத்ரூம் இனிமேல் எல்லாருக்கும்னு. எதுக்காகன்னும்..."

"சார்!" அவள் குரல் தொட்டியில் மோதி எதிரொலித்தது. "ஒண்ணும் சொல்லாதீங்க. மைக்குப் பக்கமே போகாதீங்க. பூட்டை மட்டும் எடுங்க."

"நான் நல்லதுக்குத்தானுங்க டீச்சர் சொன்னேன்."

"நானும் நல்லதுக்குத்தான் சார் சொன்னேன்."

போனை வைத்தாள். பாலாமணி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். வெற்றி தொட்டியின் விளிம்பில் ஒரு விரலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தான். மருதாம்பாள் திரும்பவும் நோட்டை நீட்டினாள். இந்தத் தடவை அவன் அம்மா கையை நீட்டி வாங்கி, படங்குக்குள் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வருவியா கண்ணு?"

"தெரியல மிஸ்." கொஞ்சம் யோசித்தான். "பரீட்சை நம்பர் வெச்சுத்தான கூப்பிடுவாங்க? பேரு சொல்ல மாட்டாங்கல்ல?"

"நம்பர்தான். எக்ஸ்டர்னலுக்கு யாரு பேரும் தெரியாது."

"ரெண்டாவது பேட்சா?"

"மொதல் பேட்ச். ஒம்பது மணி."

அவன் தலையாட்டினான். சரி என்பதற்கா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கா என்று தெரியவில்லை. கேட்டால் ஒருவேளை இல்லை என்று சொல்லிவிடுவான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. மேலே விசில் அடித்தார்கள். எடை போட நேரமாகிவிட்டது. "காலைல ஏழே காலுக்கு ஒரு பஸ்ஸு இருக்கு" என்றாள் பாலாமணி, யாரிடம் என்று இல்லாமல். பிறகு இரண்டு பேரும் ஏறிப் போனார்கள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வளைவுக்கு வந்து சேர்வதற்குள் பள்ளத்திலிருந்து மஞ்சு கிளம்பி ரோட்டை மூடிவிட்டது. ஐந்து மணி பஸ் மஞ்சள் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தாள். மேட்டில் எடை போடுகிற இடத்துக்கு இலை மூட்டைகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு தலையிலும் ஒரு மூட்டை, முகம் தெரியாமல், தோள் வரைக்கும் மஞ்சு. பதினைந்து பேர் இருப்பார்கள். இவர்களில் வெற்றி யார் என்று தேடினாள். உயரத்தை வைத்துப் பார்த்தாள், நடையை வைத்துப் பார்த்தாள், மூன்றாவது ஆளோ என்று நினைத்தாள், ஐந்தாவதாகவும் இருக்கலாம். எல்லாரும் கழுத்தை ஒரே மாதிரி நேராக வைத்துக்கொண்டு, ஒருவர் பின்னால் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் விசிலடித்தார்.