ஒண்ணே ஒண்ணு

அன்று மாலை நான்கு மணிக்கு, ஒயின் நிரப்பும் கொட்டகையின் மாடி அறையில் இருந்தவர்கள்:

பல் டாக்டர். கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

லாரி டிரைவர். அன்று அவருக்கு விடுமுறை. மனைவி ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருந்தார். ஏதோ கருத்துக் கேட்கும் கூட்டம் என்பதற்கு மேல் அவரிடம் எதுவும் சொல்லப்படவில்லை.

தையல்காரர். கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தார்.

கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், தினமும் ஒரு கிளாஸ் குடிப்பவர். அதை யாரிடமும் மறைக்காதவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

மூக்கு. தபால் அலுவலகத்தில் குமாஸ்தா. தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார். பெயர் அப்படி வந்தது.

முதலாளி. முதலாளியின் மச்சான்.

மச்சானுக்கு அக்கா, அதாவது முதலாளியின் மனைவி, வரவில்லை. வரவில்லை என்றுதான் முதலாளி நினைத்துக்கொண்டிருந்தார்.

மச்சான் முதலாளிக்கு மட்டும் மச்சான் இல்லை. வாட்ச்மேனுக்கும் மச்சான், பாட்டில் கழுவுகிறவர்களுக்கும் மச்சான். ஆறு வருடமாக அவன் செய்த வேலை பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவது. லேபிள் கோணலாக இருந்தால் அது மச்சான் ஒட்டியது என்று கடைக்காரர்களுக்கே தெரியும். போன மாதம் அவன் அத்தானிடம் போய், இனிமேல் விளம்பரம், விற்பனை யோசனை எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகவும், அதற்குத் தனி அறை வேண்டும் என்றும் கேட்டான். அத்தான் யோசித்துவிட்டுச் சொன்னார்: "புதுசா ஒரு ஐட்டம் பண்ணு. அஞ்சு பேரைக் கூப்பிட்டுக் குடு. மூணு பேர் வாங்குவேன்னு சொன்னா அறை உனக்கு. இல்லேன்னா பேசாம லேபிள் ஒட்டு."

மாதிரிக்குப் பன்னிரண்டு போதும் என்றும் சொல்லியிருந்தார். மச்சான் பன்னிரண்டோடு நிறுத்தவில்லை. அத்தான் மூன்று நாள் வெளியூர் போன நேரத்தில், ஒரு தொட்டி சிவப்பு ஒயின் மொத்தத்தையும் நிரப்பி மூடி போட்டுக் கிடங்கில் அடுக்கிவிட்டான். யோசனை எப்படியும் ஜெயிக்கும், முன்கூட்டியே செய்து வைத்தால் நல்ல பெயர் என்று நினைத்தான். இப்போது மூன்று பேர் தலையாட்டியே ஆக வேண்டும். அதனால்தான் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

முதலில் மற்ற கம்பெனிகள் ஒரு ஆளுக்கு ஒரு வேளை அளவில் விற்கும் ஒயின்களை மேசைமேல் பரப்பினான்.

தகர டின்னைப் பார்த்துத் தையல்காரர் சொன்னார்: "இதைத் தொறந்தா டப்புன்னு சத்தம் கேக்குமே. பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பாப்பான்."

பையில் அடைத்ததைக் கையில் எடுத்த டிரைவர், "போன வருஷம் ஆஸ்பத்திரியில இதைத்தான் என் தலைக்கு மேல தொங்க விட்டாங்க" என்று கீழே வைத்துவிட்டார்.

கண்ணாடிக் குழாயில் வந்த ஒயினை டாக்டர் தொடவே இல்லை. "நாள் பூரா இந்த மாதிரி சாமானோடதான் இருக்கேன். குடிக்கும்போதுமா?"

மூக்கு உறிஞ்சுகுழல் வைத்த டப்பாவை முகர்ந்தார். "ஒயினை உறிஞ்சிக் குடிக்கச் சொல்றவன் மேல கேஸ் போடணும்" என்றார்.

டீச்சர் மட்டும் பொறுமையாகப் பேசினார். "ஒரு பாட்டில் தொறந்தா எனக்கு அஞ்சு நாள். மூணாவது நாளே புளிச்சுப் போகுது. மிச்சத்தை வீணாக்க மனசில்லாம மூணு நாள் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே குடிக்கிறேன். அளவா, நல்லதா, வம்பு இல்லாம ஒரு கிளாஸ் குடுத்தா மாசம் முப்பது வாங்குவேன்."

மச்சானுக்கு உயிர் வந்தது. இதற்காகத்தானே காத்திருந்தான். தட்டை எடுத்து வந்தான். கறுப்பு பிளாஸ்டிக் கப்புகள், மேலே ஒட்டிய வெள்ளித்தாள் மூடி. மூடியில் 'ஒண்ணே ஒண்ணு' என்று பெரிய எழுத்து.

"பேரு நல்லாருக்கு" என்றார் டாக்டர். "நானும் வீட்டுல இதையேதான் சொல்றேன்."

"பேரு மட்டும் இல்ல டாக்டர்" என்றான் மச்சான். "தனியாக் குடிக்கிறவனுக்கு என்ன குறை? பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத குறை. மூடியைப் பிரிங்க. பிரிச்சுட்டு எங்கிட்டச் சொல்லுங்க."

முதல் மூடியை டாக்டர்தான் பிரித்தார்.

"ஆரம்பிச்சாச்சா?" என்றது மூடி.

பெண் குரல். டாக்டர் கப்பை நாற்காலிக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். அவர் யோசித்துச் செய்யவில்லை. இருபது வருடப் பழக்கத்தில் கை தானாகப் போனது. அதே நேரத்தில் தையல்காரரும் பிரித்திருந்தார். "ஆரம்பிச்சாச்சா?" அவர் எழுந்து நின்று, "இல்லம்மா, இப்பத்தான் வந்தேன்" என்றார். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அந்தச் சொல்லில் ஒரு தப்பும் இல்லை. பந்தயம் பார்க்க ஓடிவருகிறவன் வாசலிலேயே கேட்பான்: ஆரம்பிச்சாச்சா? கடைசி 'சா' மேலே போனால் ஆவல். கீழே விழுந்தால் விசாரணை. மச்சானுக்கு வேண்டியிருந்தது மேலே போகும் சா. குரல் கொடுக்க வெளியாள் தேட வேண்டாம் என்று அக்காவின் சமையலறைக்கே போய், வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவளைப் பத்தொன்பது தடவை சொல்ல வைத்திருந்தான். பத்தொன்பது தடவையும் கீழேதான் விழுந்தது. இருப்பதில் கொஞ்சம் அன்பாகத் தெரிந்த பதினான்காவதை எடுத்துக்கொண்டான். கல்யாணம் ஆகாதவனுக்கு அது அன்பாகத்தான் தெரியும்.

முதலாளி தன் கப்பின் மூடியைப் பாதி பிரித்த நிலையில் இருந்தார்.

"ஆரம்பிச்சாச்சா?"

அவர் முகத்தில் நிறம் போனது. முதலில் கதவைப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார்.

"டேய். இது உங்க அக்கா."

"குரல் மட்டும்தான் அத்தான்."

"குரல்தான்டா அவ."

பத்து நொடி ஆனது. எல்லா மூடிகளும் மறுபடி கேட்டன. வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை பத்து நொடிக்கு ஒரு தரம் கேட்கும்படி மச்சான் ஏற்பாடு செய்திருந்தான். விட்டு விட்டுப் பேசினால்தான் துணை என்பது அவன் எண்ணம். டாக்டர் மூடியைக் குப்பைத்தொட்டியில் போட்டார். குப்பைத்தொட்டி கேட்டது. தையல்காரர் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். டிரைவர் சட்டைப் பைக்குள் போட்டார். அங்கே இருட்டு, பேச்சில்லை. எடுத்துப் பார்த்தார், கேட்டது. உள்ளே போட்டார். மறுபடி எடுத்தார். அவருக்கு மட்டும் அது பிடித்திருந்தது.

"தம்பி" என்றார் மச்சானிடம். "ஒயின் வேண்டாம். இந்த மூடி மட்டும் தனியாக் கிடைக்குமா? லாரி ஷெட்டுல எவனோ தினம் என் சாப்பாட்டு டப்பாவைத் தொறந்து திங்கிறான். உள்ள ஒட்டி வைக்கலாம்."

"அது ஒரு ஓட்டுன்னு எழுதிக்கவா?" என்றான் மச்சான்.

"மூடிக்கு எழுதிக்கோ."

மூக்கு இத்தனைக்கும் நடுவில் மூடியை மெதுவாக முகர்ந்துகொண்டிருந்தார். "பசை. அலுமினியம். கொஞ்சம் பேட்டரி" என்றார். பிறகு கப்புக்குள் மூக்கை விட்டார். "ஒயின் நல்ல ஒயின். அதான் எரிச்சலா இருக்கு."

டாக்டர் நாற்காலிக்குப் பின்னாலிருந்து கப்பை மேசைக்குக் கொண்டுவந்தார். "ஒரு விஷயம் கேக்கறேன், கோவிச்சுக்காதே. ஒரே ஒரு கப்பு எவன் வாங்குவான்?"

"தனியாக் குடிக்கிறவன்."

"அவன் ஏன் தனியாக் குடிக்கிறான்? வீட்டுக்குத் தெரியாமக் குடிக்கத்தானே. அவன் ஒளிஞ்சு குடிக்கிற எடத்துக்கே போய் அவன் பொண்டாட்டியை உக்கார வச்சிருக்கியேப்பா."

தையல்காரர் தலையாட்டினார். கையை மூடியிலிருந்து எடுக்கவில்லை. "தையலா இருந்தா இந்த ஒரு இடத்தை மட்டும் பிரிச்சுத் தரலாம்" என்றார் ஆறுதலாக.

மச்சான் டீச்சர் பக்கம் திரும்பினான். "டீச்சர், உங்களுக்குத்தான் யார் பயமும் இல்லையே."

"பயமில்ல. ஆனா முப்பத்தி நாலு வருஷம் வகுப்புல நான்தான் கேள்வி கேட்டேன். இப்ப ஒரு மூடி என்னைக் கேக்குது." டீச்சர் ஒயினை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "அளவு சரி. ருசி சரி. வாயை எடுத்துட்டுக் குடு, நாளைக்கே வாங்கறேன்."

அரை ஓட்டு. மச்சான் மனதுக்குள் அதை ஒன்றாக்கப் பார்த்தான். டிரைவரின் மூடி ஓட்டையும் சேர்த்தால்கூட இரண்டுதான்.

டீச்சர் காலிக் கப்பைக் கவிழ்த்து வைக்கப் போனவர் நிறுத்தினார். கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கினார்.

"இதுல நம்பர் போட்டிருக்கே. ரெண்டாயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு, ஒரு சாய்வுக் கோடு, ரெண்டாயிரத்து நானூறு."

நம்பர் போடும் மெஷினை மச்சான் நிறுத்தியிருக்கவில்லை. மெஷின் போடும் எல்லாவற்றிலும் நம்பர் போடும். கடைசி வரிசையிலிருந்து எடுத்தால் கைக்கு எட்டும் என்று அங்கேயிருந்து பன்னிரண்டு எடுத்து வந்தது அவன்தான்.

"இது ரெண்டாயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுன்னா, மத்ததெல்லாம் எங்க?" என்றார் டீச்சர். அவருக்கு யாரையும் மாட்டிவிடும் எண்ணம் இல்லை. கணக்கு நிற்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

முதலாளி மச்சானையே பார்த்தார். மச்சான் ஜன்னலைப் பார்த்தான்.

"மூடிக்குள்ள பேசுற சில்லு விக்கிறவன் ரெண்டாயிரத்து நானூறுக்குக் கொறைஞ்சு தரமாட்டேன்னுட்டான் அத்தான்."

"அதுக்கு?"

"சில்லு சும்மாக் கெடக்கக் கூடாதுன்னு..."

"ஒரு தொட்டி ஒயினை ஊத்தி மூடிட்ட."

"மூடியை வெட்டி எடுத்துட்டா வாய் போயிடும்."

"மூடியை எடுத்தா காத்து புகுந்துடும். கடைக்கு அனுப்ப முடியாது. வினிகருக்குத்தான் போகும். நீயே பிரிச்சு ஊத்து." முதலாளி டீச்சரிடம் திரும்பினார். "எத்தனை பாக்கி டீச்சர்?"

"ஆறு பிரிச்சாச்சு. ரெண்டாயிரத்து முந்நூத்தித் தொண்ணூத்தி நாலு."

குப்பைத்தொட்டி ஆரம்பிச்சாச்சா என்றது.

முதலாளி தட்டில் மீதமிருந்த ஆறு கப்புகளை மச்சான் கையில் கொடுத்து, முன்னால் நடந்தார். இருவரும் மாடிப்படி இறங்கினார்கள். மேலே டிரைவர் இன்னும் மூடியைப் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டிருப்பது படி முடியும்வரை கேட்டது.

கிடங்கில் கப்புகள் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு காலிப் பீப்பாய், ஒரு முக்காலி. ஜன்னல் இல்லை. முதலாளி விளக்கைப் போட்டார்.

"விளக்கை அணைச்சா பேசாது அத்தான்" என்றான் மச்சான்.

"அணைச்சுக்கோ. இருட்டுல எங்க ஊத்தறேன்னு பாத்துக்கோ."

"சாயங்காலம் வீட்டுக்கு வரேன்னு அக்காகிட்டச் சொல்லியிருந்தேன்."

"அவதான் உன்கூட இருக்காளே. இருபத்தி ரெண்டு வருஷம் நான் கேட்டுட்டேன். நீயும் கேளு." கதவுவரை போனவர் திரும்பினார். பரிதாபம் எதுவும் அவர் முகத்தில் இல்லை. கொஞ்சம் நிம்மதி இருந்தது. "வாயில்லாத கப்பு அடுத்த மாசம் போடறோம். டீச்சருக்கு முப்பது. யோசனை உன்னோடதுதான், இல்லேன்னு சொல்லல. தனி அறை கேட்டியே மச்சான். இந்தா."

மச்சானின் இரண்டு கையிலும் தட்டு இருந்தது. கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது, பிறகு பூட்டு.