பதிமூன்றாவது ஸ்தோத்திரம்

சட்டைப் பையில் இருக்கும் காகிதத்தைச் சபை நடுவே கிழித்துப் போடுவது. அப்புறம் வேதக்கோயில் வாசலையே மிதிப்பதில்லை. வண்டன்மேடு ஏற்றத்தில் நடக்கும்போதே நல்லமுத்து முடிவு கட்டிவிட்டான்.

பக்கத்தில் மூச்சு வாங்க வந்த தங்கக்கனி அவன் முகத்தைப் பார்த்தாள். இருபது வருஷம் கூடவே ஏலக்காய் பறித்த மனைவி. அவளுக்குத் தெரியாதா?

“என்னமோ செய்யப் போறீக.”

“செய்யுதேன். நீ பேசாம வா.”

ஸ்தோத்திரப் பண்டிகையன்று அந்தச் சபையில் ஒரு வழக்கம். வீட்டுக்கு ஒருவர் எழுந்து, அந்த வருஷம் ஆண்டவர் தந்ததையெல்லாம் சீட்டில் எழுதி வந்து வாசிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சபை மொத்தமும் “ஸ்தோத்திரம்!” என்று முழங்கும். நல்லமுத்துவின் சீட்டுதான் எப்போதும் நீளம். “அண்ணாச்சி எந்திரிச்சா பிரியாணி ஆறிப்போகும்” என்று கேலி பேசுவார்கள். அவனுக்கு அதில் பெருமைதான். எழுதிக் கொடுப்பது மகள் ஜெனிஷா.

நாலு மாசத்துக்கு முன்னால், ஆனைக்கரை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஜீப் உருண்டது. ஏழு வருஷம் உபவாசம் இருந்து ஆண்டவரிடம் கேட்டு வாங்கிய ஜீப். ஓட்டிய நல்லமுத்து நெற்றியில் நாலு தையலோடு பிழைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனிஷா பிழைக்கவில்லை.

கோயில் வாசலில் சபை மூப்பர் தாசையா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மனச விட்டுறாதீக அண்ணாச்சி. இந்த வருஷம் ஒங்க காட்டுல காய் கொத்துக் கொத்தா தொங்குது. இழந்ததை ஆண்டவர் ரெண்டு மடங்காத் தருவாரு.”

“எம் புள்ளையவா?”

மூப்பர் கையை விட்டுவிட்டார்.

முறை வந்தது. நல்லமுத்து எழுந்து காகிதத்தைப் பிரித்தான். போன வருஷச் சீட்டு. ஜெனிஷாவின் உருண்டை உருண்டையான எழுத்து. முதல் வரியை வாசித்துவிட்டுக் கிழிப்பதாகத் திட்டம்.

“ஒண்ணு. ஜீப்புக்காக.”

“ஸ்தோத்திரம்!”

வருஷக்கணக்கான பழக்கம். சபையின் வாய் முந்திக்கொண்டது. என்ன சொல்லிவிட்டோம் என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. பெண்கள் பக்கம் யாரோ “ஐயோ” என்றார்கள்.

நல்லமுத்து காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்தான். கிழிக்க வேண்டியதுதான். கண் கீழே ஓடியது. தகரக் கூரை, தண்ணி மோட்டார், காய்க்கு நல்ல விலை... மொத்தம் பன்னிரண்டு. அதில் மகள் பேர் இல்லை. ஆண்டவர் பேரும் இல்லை.

போன வருஷம் அடுக்களையில் அவள் பேனாவைக் கடித்துக்கொண்டு கேட்டது காதில் விழுந்தது.

“அப்பா, கடைசில ‘உமக்காக’ன்னு ஒண்ணு போடட்டா?”

“என்னத்துக்குட்டி? ஆண்டவரு எங்க போயிறப் போறாரு? தந்ததை மட்டும் எழுது.”

“ஒரு வரிக்குக் கஞ்சத்தனமா!” என்று சிரித்தாள்.

நல்லமுத்து காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினான்.

“ஆண்டவரே, ஜீப்பு வேண்டாம். காயும் வேண்டாம். புள்ளைய ஏன் எடுத்தீருன்னு எனக்கு வெளங்கல. இன்னைக்கு ஒம்மள விட்டுட்டுப் போகத்தான் வந்தேன். ஆனா நாலு மாசமா நான் ஒம்மகிட்டதான் சண்ட போடுதேன். சண்ட போடக்கூட எனக்கு நீருதான் இருக்கீரு. நீரும் போயிட்டா...”

சீட்டில் இல்லாத வரியை அவன் மெல்ல வாசித்தான்.

“பதிமூணு. உமக்காக.”

யாரும் பதில் சொல்லவில்லை.

பெண்கள் பக்கம், சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டிருந்த தங்கக்கனி தலைப்பை எடுத்தாள்.

“ஸ்தோத்திரம்” என்றாள் உடைந்த குரலில்.

நல்லமுத்து உட்கார்ந்தான். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் பார்த்தான். மூன்றாவது தடவைதான் அது உள்ளே போனது.