குறுக்கே போகிற கோடு

தபீதாளின் வலது கையில் நான்கு விரல்களுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி முடித்து, தேவானந்தம் கட்டைவிரலுக்கு வந்திருந்தார். மூன்று நாளாக இதுதான் வேலை. ஆஸ்பத்திரியில் உள்ளே விட்டதும் கட்டிலின் வலது பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார், மனைவியின் கையை மடியில் வைத்துக்கொள்வார், பேச ஆரம்பித்துவிடுவார். சிட்லபாக்கம் ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, எதிர்வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது, மகள் ஜோசலின் நாளைக்கு பெங்களூரிலிருந்து வருகிறாள் என்று ஊர்க்கதை எல்லாம்.

கை கேட்டுக்கொண்டு கிடந்தது. பச்சைத் திரை வழியாக வந்த வெயிலில் அந்த அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தோன்றியது. எங்கோ தாம்பரம் பக்கம் ரயில் கூவியது. ஒரு விரல், ஒரே ஒரு விரல் அசையக்கூடாதா? நாற்பத்தொரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் இப்படி முகம் கொடுக்காமல் போவாளா என்று மனுஷருக்கு உள்ளுக்குள் வெந்தது. பேச்சு போயிற்று, சரி. கண் திறக்கவில்லை, அதுவும் சரி. போகுமுன் ஒரு தடவை கையை அழுத்திவிட்டால் போதும். பக்கத்தில் இருப்பது அவர்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் கசிந்திருக்கிறது, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். தேவானந்தம் விளக்கம் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாததா? தபீதாள் உயிரியல் டீச்சர். ரயில்வே டிராயிங் ஆபீசில் படம் வரைந்த அவர், அவளுடைய வகுப்புக்காக நரம்பு மண்டலத்தைத் துணி ஒட்டிய தாளில் ஆளுயரத்துக்கு வரைந்து கொடுத்தவர். உடம்பின் சேதியை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பு நீலம், மூளையின் கட்டளையைக் கொண்டுவருகிற நரம்பு சிவப்பு. அந்தப் படத்தில் இடது மூளையிலிருந்து இடது கைக்குக் கோடு நேராக இறங்கும். ஆகவே இடது கைதான் கெட்ட கை. அத்தாட்சிபோல அந்தக் கையைத்தான் துணியால் கட்டில் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். கட்டுக்குள் அது ஓயாமல் விரல்களை மடக்கி விரித்துப் போர்வையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. ஏதோ வலிப்பு என்று நினைத்தார். பார்க்கச் சகிக்காமல் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவதையே விட்டுவிட்டார்.

பம்மலிலிருந்து வேலைக்கு வருகிற ஆயா காந்தா போர்வை மாற்ற வந்தாள்.

"இன்னா சார், மூணு நாளா பாக்குறேன், இந்தாண்டயே குந்திகினு கீற?"

"இதுதாம்மா நல்ல கை."

"யாரு சொன்னது? மண்டைல இந்தப் பக்கம் அடிச்சா கை காலு அந்தப் பக்கந்தான் வுழும். நீ புடிச்சிகினு கீறது செத்த கை சார். அந்தக் கை நல்லா கீதுன்னுதான் கட்டிக் கீது. மூக்கு டியூப்பைப் புடிச்சி இஸ்துடுது. தோ பாரு, எதையோ தேடிகினே கீது."

"இல்லம்மா, நானே வரைஞ்சிருக்கேன்..."

பார்த்து வரைந்த பாடப்புத்தகப் படம் அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. அதில் கோடுகள் கழுத்துக்குச் சற்று மேலே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பக்கம் மாறின. டிராயிங் ஆபீசில் கோடு கோட்டை வெட்டினால் தாளைக் கிழித்து முகத்தில் எறிவார்கள். அச்சுப் பிழை என்று முடிவுகட்டி அவர் நேராக்கிவிட்டார். 'புஸ்தகத்துல சிக்கலாக் கிடந்துது, நான் எடுத்து விட்டுட்டேன்' என்று பெருமை வேறு. தபீதாள் படத்தைச் சற்றுநேரம் பார்த்திருந்துவிட்டு, 'ரொம்ப அழகா இருக்குங்க' என்றாள்.

அவர் எழுந்து கட்டிலைச் சுற்றி நடந்தார். ஏழெட்டு அடிதான். கனவில் நடப்பதுபோல அது முடியவே இல்லை.

"கொஞ்சம் அவுத்து விடும்மா."

"நர்சு பாத்தா என்னைத்தான் திட்டும்." சொல்லிக்கொண்டே காந்தா முடிச்சை அவிழ்த்தாள். "கெட்டியா புடிச்சிக்கோ சார், வுட்டுடாத."

அவர் கையை நீட்டினார். தபீதாளின் விரல்கள் அதன்மேல் மெல்ல ஊர்ந்தன. மோதிரத்தைத் தொட்டன. தாண்டிப் போய், பேனா பிடித்துப் பிடித்து நடுவிரலில் காய்த்துப்போயிருந்த இடத்துக்கு வந்தன. அங்கேயே தடவின. நின்றன. பிறகு கை முழுவதுமாக மூடி இறுக்கிக்கொண்டது.

சொல்ல வேண்டியதை எல்லாம் அந்தப் பக்கத்துக் கையிடம் கொட்டித் தீர்த்தாயிற்று. "நான்தான் தபீ," என்றார். "பக்கம் மாறி உக்காந்துட்டேன்." அழுகை அடக்க முடியாமல் வந்தது. காந்தா போர்வையை மடிக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டாள்.

ஐந்து மணிக்கு அந்தப் பிடி தானாகத் தளர்ந்தது. அவர் மட்டும் விடவில்லை. நர்ஸ் வந்து தோளைத் தொட்டபோதுதான் விட்டார்.

மறுநாள் காலை வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு உடுத்த வெள்ளைப் புடவை எடுக்கப்போன ஜோசலின், பீரோவிலிருந்து ஒரு சுருளோடு வந்தாள்.

"அப்பா, இது புடவைக்கு அடியில இருந்துச்சு."

பிரித்தார். நீலமும் சிவப்பும் கொஞ்சம் வெளுத்திருந்தன. கோடுகள் இன்னும் நேராகத்தான் இறங்கின. கழுத்துக்கு மேலே மட்டும் தாள் தேய்ந்து, அடியில் ஒட்டிய துணி தெரிந்தது.

"இங்க ஏம்மா இப்படித் தேஞ்சிருக்கு?"

ஜோசலின் தயங்கினாள். "நான் அம்மாகிட்ட படிச்சப்போ பாத்திருக்கேன். கிளாஸ்ல அந்த இடத்துல பென்சிலால பெருக்கல் குறி மாதிரி போட்டுக் காட்டுவாங்கப்பா. பெல் அடிச்சதும் அழிச்சிடுவாங்க. ஒவ்வொரு வருஷமும். நான் ஏன்னு கேட்டதுக்கு, 'அப்பா வரைஞ்சதுடி, அவர்கிட்ட சொல்லிடாத'ன்னாங்க."

தேவானந்தம் தேய்ந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு படத்தைப் பழையபடியே சுருட்டி அவளிடம் கொடுத்தார்.

கூடத்தில் பெட்டி வந்துவிட்டது. பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பெட்டியின் வலது பக்கம் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அதைத் தூக்கிக்கொண்டு கால்மாட்டைச் சுற்றி நடந்தார். என்னவோ ஏதோவென்று ஜனங்கள் நகர்ந்து வழிவிட்டார்கள். அவளுடைய இடது கைப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.