சுவருக்கு வெளியே போன ஒயர்

ஒயர் கண்ணில் படவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தவள் கனகவல்லிதான். அவள் கணவர் நயினாருக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. பம்பாய் மாதுங்காவில் வெல்ல மண்டி வைத்திருந்த மனிதர். வீட்டில் பாட்டு கேட்க வேண்டும், வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. துறைமுகத்தில் ஒரு கப்பல்காரனிடம் சொல்லி வைத்து, யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சில வருஷம் ஓடிய ஜெர்மன் ஸ்டீரியோ செட்டை வரவழைத்திருந்தார். ரெக்கார்டு சுற்றும் பெட்டி ஒன்று, பாடுகிற பெட்டி இரண்டு. சுங்கத்துக்குத் தெரியாமல் இரவோடு இரவாக வந்த சரக்கு. "வெளியில மூச்சு விடாத. கஸ்டம்ஸ்காரன் வந்தான்னா மண்டிக்கும் சேத்துப் பூட்டுப் போட்ருவான்" என்று அன்றைக்கே எச்சரித்திருந்தார்.

ஸ்டீரியோ என்றால் ஒரு பெட்டி இந்தச் சுவரோரம், இன்னொன்று எதிர்ச்சுவரோரம் நிற்க வேண்டுமாம். இரண்டுக்கும் நடுவில் கூடத்தின் குறுக்கே பாம்பு மாதிரி ஒயர் கிடந்தது. பால் செம்போடு வந்த கனகவல்லி முதல் வாரமே அதில் கால் தடுக்கி விழுந்தாள். முழங்கை வீங்கியது.

"ஒண்ணு வீட்டுல அது கெடக்கணும், இல்ல நான் கெடக்கணும்" என்றாள்.

அப்படித்தான் நாகூர் மீரான் வந்தார். மேலப்பாளையத்துக்காரர், தாராவியில் ரேடியோ ரிப்பேர் கடை. ஊர்ப்பக்கத்து ஆள், வாய் பொத்தி இருப்பார் என்று நயினாரே தேடிப் பிடித்தார். மீரான் கூடத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். தரை மொசைக். சுவரில் உளி பட்டால் கட்டடக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார். அலமாரிக்குப் பின்னால் ஒயரை மறைத்துக்கொண்டு போகலாம், ஆனால் பால்கனிக் கதவு நடுவில் வந்து மறித்தது.

"உள்ளுக்குள்ள வழியில்லன்னா வெளிய போயிட்டு வருவோம் மொதலாளியம்மா" என்றார்.

சன்னல் சட்டத்தில் ஊசி போல ஒரு துளை போட்டு ஒயரை வெளியே விட்டார். பின்சந்துப் பக்கம் ஏணி போட்டு ஏறி, சன்னலுக்குக் கீழே சுவரை ஒட்டியே கொண்டுபோய், அடுத்த சன்னல் வழியாக மறுபடி உள்ளே கொண்டுவந்தார். வெளியே தெரிகிற ஒயருக்குக் கட்டடத்தின் மஞ்சள் நிறத்தையே பூசினார். இரண்டு பெட்டிக்கும் ஒயரின் முனைகளை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது என்று ஒரு முனையில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டார். "மாத்திக் குடுத்தா ஒண்ணு மூச்சு இழுக்கையில மத்தது மூச்சு விடும். பாட்டு சப்புன்னு போயிரும்" என்று விளக்கம் வேறு. எல்லாம் முடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இப்ப ஒயரு எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்!"

கனகவல்லி தேடித் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த பிறகு அந்த வீட்டில் அவள் சொல்லி, அவள் சொன்னபடியே நடந்த முதல் காரியம் அது.

மழைக்காலம் வந்தது. வெளியே போன ஒயரில் எங்கோ தண்ணீர் இறங்கி, சன்னலோரப் பெட்டி கரகரத்து, பிறகு ஊமையாகிவிட்டது. அதற்குள் பாகிஸ்தானோடு சண்டையும் வந்துவிட்டது. ஊரெல்லாம் சன்னல் கண்ணாடிக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டினார்கள். சாயங்காலமானால் விளக்கை அணைக்கச் சொல்லி வார்டன்கள் விசில் ஊதிக்கொண்டு தெருவில் வந்தார்கள். தெருவுக்குத் தெரு ஒற்றன் கதை. தண்ணீர்த் தொட்டியில் விஷம் என்றார்கள். மொட்டை மாடியில் யாரோ விளக்கைக் காட்டினான் என்றார்கள்.

"சண்டை முடியட்டும், பெறகு பாத்துக்கிடலாம்" என்றார் நயினார். ஆனால் செம்பூரில் இருக்கும் கனகவல்லியின் தங்கை, தன் மாமியார் மாமனாரோடு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. ஒற்றைப் பெட்டி ஊமையாக இருந்தால் மானம் போகும் என்று கனகவல்லிக்குப் பட்டது. கணவரிடம் சொல்லாமல், மண்டிக் கூலியாள் ஒருவரிடம் மீரானுக்குச் சொல்லி அனுப்பினாள்.

மீரான் மறுநாளே வந்தார். சன்னலுக்கு வெளியே இரும்புக் கம்பி என்பதால் இந்த முறையும் சந்தில் ஏணி போட்டுத்தான் ஏறினார். கனகவல்லி அடுப்படியில் இருந்தாள். முதலில் ஒரு விசில் சத்தம், பிறகு ஓடுகிற காலடிகள், பிறகு ஏணி விழுகிற சத்தம். ஓடிவந்து கறுப்புக் காகிதம் ஒட்டிய சன்னலைத் திறந்து பார்த்தாள்.

சந்து நிறைய ஆட்கள். நடுவில் மீரான் மண்ணில் கிடந்தார். ஒருவன் அவருடைய ஒயர்ச் சுருளைத் தூக்கிக் காட்டி என்னவோ கத்தினான். "நாம் க்யா ஹை? நாம் போல்!" என்று பெயரைக் கேட்டார்கள். பெயரைச் சொன்ன பிறகு அடி விழுகிற சத்தம் மாறியது. கிழிந்த சட்டையோடு மீரான் தலையை உயர்த்தி நேராக அவள் சன்னலைப் பார்த்தார்.

"மொதலாளியம்மா! சொல்லுங்கம்மா! நீங்க கூப்பிட்டுத்தான் வந்தேன்னு சொல்லுங்கம்மா!"

கைப்பட்டை கட்டிய வார்டன் ஒருவன் மேலே பார்த்தான். "யே ஆத்மி ஆப்கா ஹை க்யா?" உங்கள் ஆளா என்று கேட்கிறான். அவ்வளவு இந்தி அவளுக்குப் புரியும். ஹான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சொன்னால் மேலே வருவார்கள். வந்தால் செட்டைப் பார்ப்பார்கள். கை தானாக வேலை செய்தது. சன்னலை இழுத்துச் சாத்தித் தாழ் போட்டாள். அங்கேயே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

செய்தி கேட்டு நயினார் மூச்சு வாங்க வந்தார். திட்டக்கூட நேரமில்லை. செட்டையும் பெட்டிகளையும் வெல்லச் சாக்குகளில் சுற்றி, கைவண்டியில் ஏற்றிக் கிடங்குக்கு அனுப்பினார். மீரானை ஸ்டேஷனில் அடைத்த போலீஸ் வந்து கேட்டபோது லைசென்ஸ் வாங்கிய பழைய ரேடியோவைக் காட்டினார். அந்த ஆளைத் தெரியவே தெரியாது என்றார். சுவரோரம் எங்கிருந்தோ எங்கேயோ போகும், எதிலும் முடியாத ஒயரைப் போலீஸ்காரர் கையால் தடவிப் பார்த்தார். சுவர் நிறம் பூசியிருந்ததை இன்னொருவருக்குக் காட்டினார். ஒன்றோடும் சேராத அந்த ஒயர்தான் மீரானுக்கு எமனாகப் போகிறது என்று கனகவல்லிக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மறுநாள் காலை மீரானின் மனைவி சைனப் வந்தாள். கதவைத் திறந்தவர் நயினார்.

"ரேடியோ மீரான் பொஞ்சாதி சைனப்பு நான். ஒங்க வீட்டு வேலைக்குத்தான் வந்தாக. நீங்க ஒரு வார்த்த ஸ்டேஷன்ல வந்து சொன்னா விட்டுருவாக மொதலாளி."

"எங்க வீட்டுல என்ன வேல இருக்கு? நாங்க அன்னைக்கு வீட்டுலயே இல்லம்மா. ஆளு மாறி வந்திருக்க."

உள்ளே அடுப்படியில் கனகவல்லி கரண்டியைப் பிடித்தபடி, கதவிடுக்கு வழியாக அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சைனப் படியிறங்கும் செருப்புச் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது போலிருந்தது.

"நாம போயி சொல்லிருவோமே" என்றாள் சாப்பாட்டு நேரத்தில்.

"ஏட்டி, புத்தி கெட்டுப் போச்சா? சண்டை முடிஞ்சா அவனே வெளிய வந்துருவான். நம்ம கடைய எவன் தெறந்து குடுப்பான்?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தன்னையே சமாதானம் செய்து பார்த்தாள். சோறு இறங்கவில்லை. படுத்தால் சந்திலிருந்து யாரோ கூப்பிடுவது போலவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டார் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

அதற்கடுத்த நாள், கிங்ஸ் சர்க்கிளில் காய் வாங்கிக்கொண்டு திரும்புகையில், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் சைனப் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மடியில் தூக்குச்சட்டி. உள்ளே வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று தெரிந்தும் தினமும் சோறு கொண்டுவருகிறவளின் முகம். கனகவல்லி அவளைக் கடந்து நாலு எட்டு நடந்தாள். பிறகு நின்றாள். திரும்பி வந்தாள்.

"சைனப்புதானே? எந்திரி. உள்ள போவோம்."

சைனப் அண்ணாந்து பார்த்தாள். "நீங்க யாரும்மா?"

"அவர வேலைக்குக் கூப்பிட்டவ. எனக்கு இந்தி வராது. நான் சொல்லுதத நீ அவங்களுக்குச் சொல்லு."

இன்ஸ்பெக்டர் மராட்டிக்காரர், களைத்துப்போயிருந்தார். கனகவல்லி தமிழில் சொல்லச் சொல்ல, சைனப் தாராவி இந்தியில் சொல்லிக்கொண்டு போனாள். பாட்டுப் பெட்டிக்குத்தான் அந்த ஒயர். கூடத்தில் அசிங்கமாகத் தெரியக் கூடாது என்று நான்தான் மறைக்கச் சொன்னேன். மழையில் கெட்டுப்போனதால் நான்தான் திரும்பக் கூப்பிட்டேன். செட்டு இப்போது எங்கள் கிடங்கில், வெல்லச் சாக்குக்குப் பின்னால் இருக்கிறது. எழுதிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் தலை நிமிர்ந்து ஒரு கேள்வி கேட்டார்.

"அன்னைக்கே ஏன் சொல்லலன்னு கேக்காரு" என்றாள் சைனப்.

கனகவல்லி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பயந்துட்டேன். அவரு என்னயப் பாத்துத்தான் கூப்பிட்டாரு. நான் சன்னல சாத்திட்டேன்."

சைனப் இதை இந்தியில் சொல்லவில்லை. அவள் பக்கமாகத் திரும்பினாள்.

"வீட்டுலயா இருந்திய?"

"இருந்தேன்."

"அவுக கூப்பிட்டது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"க்யா போலீ?" என்ன சொன்னாள் என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். சைனப் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் இந்தியில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அதற்குப் பிறகு கனகவல்லியை அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அன்று சாயங்காலமே போலீஸ் கிடங்குக்குப் போனது. செட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, காய்ந்திருந்த ஒயரின் முனையைப் பெட்டியோடு கொடுத்து, கரகரப்போடு பாட்டு வருவதைக் கேட்ட பிறகுதான் நம்பினார்களாம். செட்டைச் சுங்க அலுவலகம் எடுத்துக்கொண்டது. மண்டியைப் பூட்டவில்லை. ஆனால் நயினார் வக்கீல் வீட்டுக்கும் சுங்கத்துக்குமாக மாதக்கணக்கில் அலைந்தார். மனைவியை அடிக்கவில்லை, ஏசவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். வேண்டியதை வேலைக்காரியிடம் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

மீரானை விட்டுவிட்டார்கள் என்று காய்க்காரியின் வாய்வழியாகத்தான் தெரியவந்தது. சண்டை நின்றது. சன்னல்களில் கறுப்புக் காகிதத்தைச் சுரண்டியெடுத்தார்கள். நவராத்திரி கழிந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் கனகவல்லி தாராவிக்கு நடந்தே போனாள்.

கடை காலியாகிக்கொண்டிருந்தது. பலகைகளும் பாத்திரங்களும் கைவண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. சைனப் வாசலில் நின்று கணக்குப் பார்த்து ஏற்றிக்கொண்டிருந்தாள். கனகவல்லியைக் கண்டதும் முகம் இறுகியது. ஆனாலும் "வாங்க" என்றாள்.

"எங்க போறிய?"

"சுனாபட்டிக்கு. எங்கண்ணன் வீட்டுப் பக்கம். இங்கன சின்னப் பயலுவ எல்லாம் பாகிஸ்தான் ரேடியோன்னு கூப்பிடுதானுவ. ஒரு ஆளு ரிப்பேருக்கு வாரதில்ல. வந்தாலும் என்ன, அவுகளுக்கு அடிபட்ட சோத்துக்கை வெரலு ரெண்டு மடங்க மாட்டேங்கு. ஈயம் பத்தவைக்கிற கோலப் பிடிச்சா நழுவி விழுந்துருது."

"அவர ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்" என்றாள் கனகவல்லி.

"வேண்டாம்மா." சைனப்பின் குரலில் கோபம் இல்லை. "அவுக ஒங்கள ஒண்ணும் சொல்லல. மொதலாளியம்மா நேர்ல வந்து சொன்னதாலதான் உசுரோட வந்தேன்னு எல்லார்ட்டயும் சொல்லுதாக. ஒங்களக் கண்டா எந்திரிச்சி நின்னு சிரிப்பாக. அத என்னால பாக்க முடியாது."

வண்டிக்காரனுக்கு இவர்கள் பேசுவது ஒன்றும் புரியவில்லை. கடையின் நீளமான மர பெஞ்சை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாமல், "பாயி, ஜரா ஹாத் லகாவ்" என்று, அம்மா ஒரு கை கொடுங்கள் என்கிற மாதிரி, கனகவல்லியைப் பார்த்துக் கூப்பிட்டான். கனகவல்லி சைனப்பைப் பார்த்தாள். சைனப் பெஞ்சின் மறுமுனையைப் போய்ப் பிடித்தாள். கனகவல்லியும் குனிந்து ஒரு முனையைப் பிடித்தாள். மூன்று பேரும் சேர்ந்து அதை வண்டியில் ஏற்றினார்கள்.

அவள் வீடு திரும்பியபோது நயினார் சாப்பாட்டுக்கு வந்து காத்திருந்தார். முந்தானையெல்லாம் தூசி. அவளை மேலும் கீழும் பார்த்தார். வாரக்கணக்கில் பேசாத மனிதர் வாயைத் திறந்தார்.

"எங்க போயிருந்த?"

"தாராவிக்கு" என்றாள் கனகவல்லி.

அவர் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் தட்டை வைத்துச் சோறு போட்டாள்.